வழிவிடும் கலம், நிலைகாக்கும் கலம்: கடல் மோதல் தடுப்பு விதிகளின் சொல் வரலாறு

ஹைதராபாத்திலிருந்து மிக அருகிலுள்ள கடற்கரையும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் இந்தியாவின் கடல் வழக்குகள், கடல் விபத்துகள் ஆகியவற்றின் வரலாற்றில் இந்நகரத்துக்கு இருவகையில் இடமுண்டு. 1984 ஏப்ரலில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் நின்ற ஓர் அயல்நாட்டுக் கப்பலைத் தடுத்துவைக்க ஆணையிட்டது, இங்கிருந்த ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அப்படலம் எத்திசையில் நகரும் என்று கணித்துக் கூறியது, இங்குள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ்.

நீதிமன்றமும் முன்கணிப்பும் தீங்கு நேர்ந்த பின்னர் வருபவை. மோதலுக்கு முன்னர் இருப்பது விதி மட்டுமே. விதி என்பது ஒரு வாக்கியம். எதிரெதிரே வரும் இரு கலங்களை நடத்துவோர் இருவரும் அவ்வாக்கியத்தை ஒரே பொருளில் வாசித்தால்தான் அதற்குப் பயனுண்டு. கடல் மோதல் தடுப்பு விதிகளின் 180 ஆண்டுகால வரலாற்றை, இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்ற மேற்கொண்ட தொடர் முயற்சி என்றே வாசிக்க முடியும். பெருங்கப்பல்களைப் பொறுத்தவரை அம்முயற்சி பெரிதும் வென்றது. தமிழ்க் கரையிலிருந்து புறப்படும் சிறுபடகைப் பொறுத்தவரை அது இன்னும் முடிவுறவில்லை.

பாய்மரக் காலத்தில் விதியைப் பெரும்பாலும் காற்றே வகுத்தது. காற்றை எதிர்த்து நெருங்கி ஓடும் கலத்துக்குத் திரும்புவது கடினம். காற்றோடு ஓடும் கலத்துக்கு எளிது. எனவே எளிதாகத் திரும்பக்கூடியது விலக வேண்டும் என்பது வழக்காக நின்றது. இரண்டும் காற்றை எதிர்த்து ஓடினால், இடப்பக்கத்தில் காற்றை ஏற்ற கலம் விலகியது. வலப்பக்கத்தில் ஏற்றது தன் போக்கில் சென்றது. எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்பது இருவருக்கும் தெரியும். எதிர்க்கலத்தின் பாயைப் பார்த்தே அதன் நிலையையும் அறியலாம். விதியை வாசிக்கத் தனியே ஓர் எழுத்து தேவைப்படவில்லை.

நீராவி இயந்திரம் இவ்வழக்கைக் குலைத்தது. காற்றைச் சாராத கலம் எத்திசையிலும் ஓடும். அதன் எண்ணத்தைப் பாயைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. 1840-இல் இங்கிலாந்தின் டிரினிட்டி ஹவுஸ் நீராவிக் கப்பல்களுக்கென்று ஒரு விதியை வெளியிட்டது: மோதும் அபாயம் இருக்குமாறு இரண்டு நீராவிக் கப்பல்கள் சந்தித்தால், இரண்டும் சுக்கானை ‘போர்ட்’ பக்கம் வைத்து, ஒன்றையொன்று இடப்பக்கமாகக் கடக்க வேண்டும். 1846-இல் நாடாளுமன்றச் சட்டம் இக்கருத்துக்குச் சட்ட வலு அளித்தது. 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அதைப் பாய்மரக் கப்பல்களுக்கும் விரித்தது.

இங்கே முதற்சிக்கல் ஒரு சொல்லில் எழுந்தது. ‘போர்ட்’ என்றால் கப்பலின் இடப்பக்கம். ஆனால் ‘சுக்கானைப் போர்ட் பக்கம் வை’ என்ற ஆணைக்குக் கப்பல் வலப்பக்கம் திரும்பும். சுக்கானைத் திருப்பும் நீண்ட கைப்பிடித் தண்டை இடப்புறம் தள்ளினால் சுக்கானின் அலகு வலப்புறம் போகும். கப்பலின் முகமும் வலப்புறம் திரும்பும். ஆணையில் இருந்த சொல் தண்டைக் குறித்தது; விளைவோ அதற்கு நேர்மாறாக இருந்தது. தண்டு மறைந்து சக்கரம் வந்த பிறகும் பழைய ஆணைச்சொல் நிலைத்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையைக் கண்டபோது பிறந்த ஆணை ‘ஸ்டார்போர்டு’, அதாவது வலம். கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். அன்றைய வழக்கில் அது பிழையன்று, சரியான ஆணையே.

‘போர்ட்’ என்ற சொல்லும் இன்னொரு குழப்பத்துக்குத் தீர்வாக வந்ததுதான். இடப்பக்கத்துக்கு முன்னர் வழங்கிய சொல் ‘லார்போர்டு’. காற்றும் அலையும் இரைகையில் ‘லார்போர்டு’, ‘ஸ்டார்போர்டு’ இரண்டும் செவிக்கு ஒன்றுபோல ஒலிக்கும். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ‘லார்போர்டு’ என்பதை விலக்கிப் ‘போர்ட்’ என்பதையே ஆள ஆணையிட்டது. ஒலி வேறுபாடு குறைந்த இணைகள் பொருள் மயக்கம் தருவது மொழியியலில் அடிப்படைச் செய்தி. நடுக்கடலில் அம்மயக்கத்துக்கு விலை உயிர். ஆணைச்சொல்லின் திசை மாற்றம் இன்னும் நெடுங்காலம் எடுத்தது. 1929-இல் கையெழுத்தான கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, சுக்கான் ஆணைகள் கப்பல் திரும்பவேண்டிய திசையையே நேராகச் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. பிரிட்டனில் அது 1933-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லும் அதன் பொருளும் ஒரே பக்கம் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு நெருக்கமாயிற்று.

இரண்டாவது சிக்கல் ‘சந்திப்பு’ என்பதில் இருந்தது. நேருக்கு நேர் வருவது சந்திப்பா, குறுக்கே கடப்பதும் சந்திப்பா? 1854-இன் சட்டம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கியது. ஒன்றையொன்று வலப்பக்கமாகப் பாதுகாப்புடன் கடந்திருக்கக்கூடிய இரு கப்பல்களும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வலப்புறம் திரும்பி, ஒன்றன் பாதையில் ஒன்று புகுந்தன. விதிக்குக் கீழ்ப்படிதலே மோதலை உண்டாக்கும் நிலை வந்தது. 1863-இல் பிரான்சுடன் கலந்து புதிய விதிகள் எழுதப்பட்டபோதுதான் நேரெதிர்ச் சந்திப்பும் குறுக்குச் சந்திப்பும் தனித்தனி விதிகளாயின. அடுத்த ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கடல்வணிக நாடுகள் அவற்றை ஏற்றன. அதன் பின்னும் ‘நேரெதிர்’ என்பது எவ்வளவு நேர் என்ற ஐயம் தீரவில்லை; 1868-இல் தனி விளக்க ஆணை ஒன்று வந்தது.

சொல் தடுமாறிய இடத்தில் நிறம் துணைபுரிந்தது. 1848 முதல் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்கள் இரவில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, முன்பாய்மரத்தில் வெள்ளை என மூன்று விளக்குகளை ஏந்தத் தொடங்கின. இவ்வமைப்பின் நுட்பம் 1863-இன் குறுக்குச் சந்திப்பு விதியோடு சேரும்போது விளங்கும். தன் வலப்பக்கத்தில் மற்றொரு நீராவிக் கப்பலைக் காண்பது விலக வேண்டும். அவ்வாறு காணும்போது கண்ணில் படுவது எதிர்க்கலத்தின் இடப்பக்கம், அதாவது சிவப்பு. எதிர்க்கலத்தவர் காண்பது இவருடைய பச்சை. ஒரே நிகழ்வை இருவரும் இரு நிறங்களில் காண்கிறார்கள்; அந்நிறங்களே இருவருக்கும் தத்தம் கடமையைச் சொல்லிவிடுகின்றன. மொழி தெரியாத இருவர் ஒரே வாக்கியத்தை வாசிக்கும் வழி இது. பிரிட்டிஷ் வணிகத் துறையின் கடற்பிரிவு அதிகாரி தாமஸ் கிரே இவ்விதிகளை மாலுமிகள் மனனம் செய்யும் வகையில் சிறு செய்யுட்களாக்கினார். சூத்திரத்தைச் செய்யுளில் வைத்து நினைவிற்கு எளிதாக்கும் முறை தமிழ் இலக்கண மரபில் பயின்றோருக்குப் புதிதன்று.

1889-இன் வாஷிங்டன் மாநாடு, 1910-இன் பிரசல்ஸ் உடன்படிக்கை, 1948, 1960 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் என விதிநூல் வளர்ந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் சில சொற்கள் மாறின; அவற்றின் பின்னே விபத்துகள் இருந்தன. மூடுபனியில் ‘மிதமான வேகத்தில்’ செல்ல வேண்டும் என்று பழைய விதிகள் கூறின. ரேடார் வந்ததும் அச்சொல் நெகிழ்ந்தது. திரையில் எதிர்க்கலம் தெரிகிறது என்ற நம்பிக்கையில் வேகம் கூடியது. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ‘ஆண்ட்ரியா டோரியா’, ‘ஸ்டாக்ஹோம்’ என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதின. 51 பேர் இறந்தனர். இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று திரையில் கண்டிருந்தன. கண்டதை இரண்டும் வெவ்வேறாகப் பொருள் கொண்டன.

1972 அக்டோபர் 20-இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15-இல் நடைமுறைக்கு வந்த இன்றைய விதிகளில் ‘மிதமான வேகம்’ இல்லை; ‘பாதுகாப்பான வேகம்’ உண்டு. அது மூடுபனிக்கு மட்டுமின்றி எந்நேரத்துக்கும் உரியது. அதைத் தீர்மானிக்கக் கவனிக்க வேண்டியவை பட்டியலிடப்பட்டுள்ளன. மீன்பிடிப் படகுகள் கூடியிருப்பதும் அவற்றுள் ஒன்று. ‘மிதம்’ என்பது பேசுபவரின் மனநிலையைச் சார்ந்த பெயரடை. ‘பாதுகாப்பு’ என்பது விளைவைச் சார்ந்தது. ஒரு பெயரடையின் மாற்றம் பொறுப்பின் அளவுகோலையே மாற்றியது.

இதனினும் நுட்பமானது மற்றொரு மாற்றம். மாலுமிகளும் வழக்கறிஞர்களும் நெடுங்காலம் ‘வழியுரிமை பெற்ற கலம்’, ‘சுமை ஏற்ற கலம்’ என்று பேசிவந்தனர். 1972-இன் நூல் அவற்றை ஏற்கவில்லை. அது ஆளும் சொற்கள் ‘வழிவிடும் கலம்’, ‘நிலைகாக்கும் கலம்’ என்று தமிழில் சொல்லத்தக்கவை. நிலைகாத்தல் ஓர் உரிமையாகக் கொடுக்கப்படவில்லை. தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் இருந்து, விலகுபவர் தன்னை முன்கணிக்க உதவுவது ஒரு கடமை. கடலில் முன்னுரிமை என ஒன்று இல்லை. இரண்டு கலங்களுக்கும் இருவேறு கடமைகள்தாம் உண்டு.

அக்கடமை எப்போது முடிகிறது? 17-ஆம் விதி மூன்று படிகளில் இதைச் சொல்கிறது. முதலில் நிலைகாக்கும் கலம் தன் போக்கைக் காக்க வேண்டும். எதிர்க்கலம் உரிய வகையில் விலகவில்லை என்று தெளிவானதும், அது தானும் நடவடிக்கை எடுக்கலாம். வழிவிடும் கலத்தின் முயற்சியால் மட்டும் மோதலைத் தவிர்க்க இயலாத அளவுக்கு நெருங்கிவிட்டால், அது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். வேண்டும், லாம், வேண்டும்: விதியின் உயிர் இம்மூன்று வினைமுடிபுகளில் இருக்கிறது. தமிழில் ‘லாம்’ இருபொருள் உடையது. ‘கப்பல் திரும்பலாம்’ என்றால் திரும்ப இசைவு உண்டு என்றும் பொருள். திரும்பக்கூடும் என்றும் பொருள். நடுப்படியில் நிற்கும் கப்பலை எதிரே இருந்து பார்ப்பவருக்கு இவ்விரு பொருளும் ஒருசேர நிகழ்கின்றன: அதற்கு இசைவு இருப்பதனால்தான் அது திரும்பக்கூடும் என்ற ஐயம் எழுகிறது. பல மோதல்கள் இந்த இடைவெளியில் நேர்ந்தவை. 2001-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற கடல்சார் தொடர்புத் தொடர்களின் தொகுப்பு, வானொலிப் பேச்சில் ‘லாம்’, ‘கூடும்’ போன்ற ஐயம் தரும் துணைவினைகளுக்கு இணையான ஆங்கிலச் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. பதினைந்தை ‘ஒன்று, ஐந்து’ என்று தனித்தனி இலக்கமாகச் சொல்லவும் பணிக்கிறது. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒலியில் நெருங்கியவை. 1844-இல் ‘லார்போர்டு’ என்பதை விலக்கிய அதே எச்சரிக்கைதான் இது.

இவ்வளவு கவனமாகச் செதுக்கப்பட்ட நூலின் மொழிகள் எவை? 1972-இன் உடன்படிக்கை ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரண்டையும் சமமாக மூலமெனக் கொள்கிறது. ரஷ்யம், ஸ்பானியம் ஆகியவற்றில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்கு வழி செய்கிறது. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் 285-ஆம் பிரிவு, மோதல் தடுப்பு விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1975-இல் அதற்குரிய ஒழுங்குவிதிகள் வந்தன. பெருங்கப்பலின் அதிகாரிக்கு இதில் குறையில்லை. எந்நாட்டவராயினும் அவர் இந்நூலை ஆங்கிலத்தில் பயின்று தேர்வெழுதியவர். விதிகளோ, முதல் விதியின்படி, பெருங்கடலில் செல்லும் எல்லாக் கலங்களுக்கும் பொதுவானவை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகும் அந்த ‘எல்லா’ என்பதில் அடங்கும்.

அப்படகுகளின் அண்மைக்கால வரலாறு துயரமானது. 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக்கு அப்பால் ஒரு கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் இறந்தனர். 2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரத்திலேயே, கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற படகு மோதுண்டது. அதில் இருந்தோருள் பெரும்பாலானோர் கன்னியாகுமரி மாவட்டத்தார். 2021 ஏப்ரலில் பேப்பூரிலிருந்து சென்ற படகு மங்களூருக்கு அப்பால் பின்னிரவில் மோதுண்டது. அதில் இருந்த 14 பேரில் பாதிப்பேர் தமிழ்நாட்டவர். இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். பிந்திய இரண்டும் விடியுமுன் நேர்ந்தவை என்பது தற்செயலன்று. நெடுநாள் கடலில் தங்கும் படகில் உடல் ஓயும் நேரம் அது.

இவ்விடத்தில் 3-ஆம் விதியின் வரையறை ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ‘மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு’ இயந்திரக் கப்பல் விலக வேண்டும் என்கிறது 18-ஆம் விதி. ஆனால் ‘மீன்பிடித்துக்கொண்டிருக்கும்’ என்பது, திரும்பும் திறனைக் கட்டுப்படுத்தும் வலை முதலிய கருவிகளைக் கொண்டு அத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் நேரத்தை மட்டும் குறிக்கும். வலையை மேலே வாங்கிவிட்டு மீன்வளம் தேடி ஓடும் படகும், இயந்திரத்தை நிறுத்தி ஆட்கள் கண்ணயர்ந்திருக்கும் படகும் அதில் அடங்கா. கரையில் அதனை மீன்பிடிப் படகு என்றுதான் சொல்வார்கள். தொழிற்பெயர் வேறு, தொடர்நிகழ்கால வினை வேறு. சட்டம் வினையையே பார்க்கிறது. குறுகிய கால்வாயிலும் கப்பல் போக்குவரத்துப் பிரிப்புத் தடங்களிலும் நிலை இன்னும் மாறும். அங்கே மீன்பிடிக்கும் கலமே பிற கலங்களுக்கு ‘இடையூறு செய்யலாகாது’. இடையூறு செய்யாமை வேறு, வழிவிடுதல் வேறு என்று 8-ஆம் விதி பிரித்துக் காட்டுகிறது. அவ்வேறுபாட்டைச் சட்டம் பயின்றோரே நின்று நிதானித்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

விளக்கின் கணக்கும் அவ்வாறே. 50 மீட்டருக்குக் குறைந்த படகு மீன்பிடிக்கையில் ஏந்தும், எல்லாத் திசைக்கும் தெரியும் விளக்குகள் குறைந்தது இரண்டு கடல் மைல் தெரிந்தால் போதும். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அத்தொலைவை எட்டு நிமிடத்தில் கடக்கும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளுக்கு ஒரு கடல் மைல் போதும். அது நான்கு நிமிடம். மர உடலும் ஃபைபர் உடலும் ரேடார் திரையில் மங்கலாகவே படும். விதியின் வாக்கியம் முழுவதும் அந்த எட்டு நிமிடத்துக்குள் இரு தளங்களிலும் வாசித்து முடிக்கப்பட வேண்டும்.

திசைமொழியிலும் ஓர் இடைவெளி உண்டு. ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்டு’ இரண்டும் கப்பலின் உடலோடு ஒட்டிய சொற்கள். பேசுபவர் எப்பக்கம் திரும்பி நின்றாலும் மாறாதவை. தமிழ்க் கடற்கரை வழக்கோ வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றையும் திசையையும் ஒருசேரக் குறிக்கும் சொற்களை உடையது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழரிடையே நடத்திய ஆய்வு, நாட்டுப்புறத்தார் அருகிலுள்ள பொருளையும் வடக்கு, தெற்கு என்று சுட்டுவதையும், நகரத்தார் இடம், வலம் என்று சுட்டுவதையும் எடுத்துக்காட்டியது. இவற்றுள் எதுவும் குறையுடைய முறையன்று. ஆனால் நிலையான திசைகளால் சிந்திப்பவருக்கு, கப்பலின் உடலால் சிந்திக்கும் விதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்தால் போதாது. அவர் திசையறியும் முறையிலிருந்து தொடங்கி விளக்க வேண்டும்.

மோதலுக்குப் பின் வரும் சட்டத்திலும் சொல்லே வழக்காகிறது. இங்குதான் ஹைதராபாத் நுழைகிறது. மோதலால் நேர்ந்த சேதத்துக்குக் கப்பலையே தடுத்துவைத்து ஈடு கோரும் முறைக்கு அட்மிரால்டி அதிகாரம் என்று பெயர். 1861-இன் ஆங்கிலேயச் சட்டம், 1890, 1891 ஆகிய ஆண்டுகளின் காலனியச் சட்டங்கள் வழியாக அது கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. ஆந்திரம் சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து, 1956-இல் ஆந்திரப் பிரதேசமாகி, அதன் உயர் நீதிமன்றம் ஹைதராபாத்தில் அமைந்தபோது, சென்னையின் கடல் அதிகாரம் இந்த நிலநகரத்துக்கு வாரிசுரிமையாக வந்ததா என்ற கேள்வி எழுந்தது. 1984 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் தடுத்துவைக்கப்பட்ட ‘எம்.வி. எலிசபெத்’ அக்கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது.

அவ்வழக்கு மோதல் பற்றியதன்று. மர்மகோவாவிலிருந்து ஏற்றிச் சென்ற சரக்கு பற்றியது. எதிர்த்தரப்பின் வாதமோ ஓர் இடைச்சொல்லில் நின்றது. 1861-இன் சட்டம் துறைமுகத்துக்கு ‘உள்ளே’ கொண்டுவரப்படும் சரக்கைப் பற்றித்தான் பேசுகிறது. வெளியே கொண்டுசெல்லப்பட்ட சரக்குக்கு இந்திய நீதிமன்றம் கைநீட்ட முடியாது என்றனர். 1992 பிப்ரவரி 26 அன்று நீதிபதிகள் தொம்மன், சகாய் ஆகியோர் அவ்வாதத்தை மறுத்தனர். இந்திய உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் அக்காலனியச் சொற்களில் உறைந்துபோனதன்று என்பது தீர்ப்பின் சாரம். கப்பல் விளைவித்த சேதம் பற்றிய உரிமைக்கோரிக்கையும் அதே 1861-இன் சட்டத்தில் வேர்கொண்டிருந்ததால், இத்தீர்ப்பின் பயன் மோதல் வழக்குகளுக்கும் உண்டு. 2017-இன் அட்மிரால்டிச் சட்டம் பழைய சட்டங்களை நீக்கியது. கடல் அதிகாரம் உடைய உயர் நீதிமன்றங்களின் பட்டியலில் ஹைதராபாத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அச்சட்டம் 2018 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2019 ஜனவரி 1-இல் நீதிமன்றம் இரண்டாகப் பிரிந்தது. கடற்கரை ஆந்திரத்தின் உயர் நீதிமன்றத்தோடு அமராவதிக்குப் போயிற்று.

இன்காய்ஸ் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 1999-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பணி 2017 ஜனவரி 28 அன்று தமிழ்க் கரையைத் தொட்டது. அன்று அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டு வெளியேறிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும், பெட்ரோலியப் பொருள் ஏற்றி உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ என்ற கப்பலும் மோதின. எண்ணெய்ப் படலம் தெற்கு நோக்கிச் சென்று கரையெங்கும் ஒதுங்கியது. ஆயிரக்கணக்கானோர் வாளிகளால் அதை அள்ளினர். நீரோட்டத்தையும் காற்றையும் கொண்டு படலத்தின் போக்கை ஹைதராபாத்தில் கணித்தனர். இரு கலங்களிலும் ஒரே விதிநூலைப் பயின்ற அதிகாரிகள் இருந்தனர். பொதுமொழி ஒன்று இருந்தால் மட்டும் மோதல் தவிர்ந்துவிடாது என்பதற்கு எண்ணூர் சான்று. ஆனால் அங்கே, விதி எது என்பதில் ஐயமில்லாத இருவரின் நடத்தையை விசாரிக்க முடிந்தது. விதிநூலையே காணாத ஒருவரிடம் அவ்விசாரணையைத் தொடங்குவதே நேர்மையாகாது.

இன்காய்ஸின் மற்றொரு பணி இதற்கு ஒரு வழியையும் காட்டுகிறது. கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழி அறிந்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை அது அறிவிக்கிறது. கரையிடங்களிலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றைத் தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய கடற்கரை மொழிகளிலேயே தருகிறது. மீன் எங்கே என்பதைத் தமிழில் சொல்ல முடிந்த நாட்டில், அங்கே இரவில் யார் யாருக்கு விலக வேண்டும் என்பதையும் அதே தெளிவோடு சொல்ல இயலும். அதற்கு அறிவியல் தடை ஏதுமில்லை. தேவை மூன்று: சட்டச்சொல்லின் வினைக்கூறுகளை இழக்காத மொழிபெயர்ப்பு, கரை வழக்கின் திசைச்சொற்களை அறிந்த விளக்கம், விளக்கையும் காவலையும் சார்ந்த பயிற்சி. முதலிரண்டும் மொழியியல் துறையின் கடன்.

விதிநூலின் 2-ஆம் விதி, விதிகளைக் கடைப்பிடித்தேன் என்று மட்டும் சொல்லி எவரும் தப்ப முடியாது என்கிறது. ‘கடலோடிகளின் இயல்பான வழக்கம்’ வேண்டும் முன்னெச்சரிக்கைகளையும் ஒருவர் மேற்கொள்ள வேண்டும். இத்தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வருவது. அதை எழுதியோரின் நினைவில் இருந்த கடலோடி வடஅட்லாண்டிக்கில் கப்பல் நடத்தியவர். குளச்சலிலும் தூத்தூரிலும் நாகப்பட்டினத்திலும் கடலோடிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழக்கங்கள் உண்டு. தடமறியும் முறை, இரவுக் காவலின் முறைமாற்றம், வலை கிடக்கும் இடத்தைப் பிற படகுகளுக்கு உணர்த்தும் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தொகுத்து, விசாரணை மன்றங்களின் முன் வைக்கத்தக்க ஆவணமாக்குவது செய்யத்தக்க பணி. ‘இயல்பான வழக்கம்’ என்று சட்டம் சொல்லும்போது அது யாருடைய வழக்கம் என்ற கேள்விக்கு அப்போது தமிழிலும் ஒரு விடை இருக்கும்.